முகம் காட்டாத கண்ணாடி

மூன்றாவது கண்ணாடியில் சீப்புக்குத் தன் முகம் தெரியவில்லை.

முதல் கண்ணாடியில் தெரிந்தது. இரண்டாவதில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் வகிடு எடுத்தான். மூன்றாவதில் வெறும் மங்கல். குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், கைக்குட்டையால் துடைத்தும் பார்த்தான். ம்ஹூம். அந்தக் கண்ணாடி அவனைச் சட்டையே பண்ணவில்லை.

"அம்மா, பேய்க்குத்தான் கண்ணாடியில முகம் தெரியாதுன்னு சொல்வாங்க. நான் எப்போ செத்தேன்?"

"செத்தவன் இவ்வளவு பேச மாட்டான். நகரு," என்றார் நிதானம்மா.

நிதானம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு ஊர் வைத்தது. பஸ் கிளம்பினாலும் நடந்துதான் போவார். திருடன் ஓடினாலும் நடந்துதான் போவார். "ஓடறவன் எங்கேயாவது உட்கார்ந்துதானே ஆகணும்" என்பார். அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து ஓடுவது முழுக்க சீப்பின் இலாகா. நாற்பதைத் தாண்டிய ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு, பெயர் வந்ததும் அதனால்தான், ஆனால் தலையில் அதற்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. அந்த விஷயத்தை மட்டும் யாரும் அவனிடம் எடுக்கக் கூடாது.

அது முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாண் நீளம், நாலு விரல் அகலத்துக்கு வெட்டிய சாதாரணத் துண்டு. சுவரில் விரிசல் ஓடுகிற இடத்தில் இந்தப் பக்கம் ஒரு சிமெண்டுப் பொட்டு, அந்தப் பக்கம் ஒரு சிமெண்டுப் பொட்டு, இரண்டையும் சேர்த்து நடுவில் கண்ணாடி. விரிசல் மயிரிழை விரிந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாமல் இருந்தால் சுவர் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். மழைக்கு முன்பே நகராட்சிப் பொறியாளர் மூன்று விரிசல்களில் மூன்று துண்டுகளை ஒட்டி, ஈரச் சிமெண்டில் ஆணியால் தேதியும் கையெழுத்தும் கீறிவிட்டுப் போயிருந்தார்.

கால்வாய்க் கரையில் தோளோடு தோள் உரசி நின்ற பழைய கிடங்குகளில் கடைசியாக மிஞ்சியது இந்தக் கட்டடம்தான். படகிலிருந்து மூட்டை தூக்கிய இரும்புக் கை இன்னும் மாடிச் சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கிடங்குகள் போன இடத்தில் பெரிய பள்ளம். பள்ளத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரே முதலாளி. பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இது இருப்பதால், நினைத்த மாத்திரத்தில் கடப்பாரையைப் போட அவரால் முடியவில்லை. 'ஆபத்தான கட்டடம், இடிக்க அனுமதி வேண்டும்' என்று திட்டக் குழுவிடம் மனுப் போட்டார். அங்கே குடியிருக்கிற, தெருவே அக்கா என்று கூப்பிடுகிற பெண் ஆட்சேபம் போட்டாள்; நிதானம்மாவை இன்று வரவழைத்திருப்பதும் அவள்தான். குழு யோசித்துவிட்டு, கண்ணாடி ஒட்டிப் பார்ப்போம், உடைந்தால் இடிக்கலாம், உடையாவிட்டால் கட்டடம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டது.

தீர்ப்பு இன்று மதியம்.

"இத பாருங்க மேடம்," என்று அக்கா ஒரு துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லு. "போன வாரம் பெருக்கும்போது மூணாவதுக்கு நேர் கீழ கிடந்துச்சு. பதறிப்போய் மேல பார்க்கறேன், கண்ணாடி முழுசா இருக்கு! கீழ உடைஞ்சது, மேல உடையாதது. இது என்ன கண்கட்டு வித்தை?"

அக்காவை அந்தத் தெருவில் சட்டக்கார அக்கா என்பார்கள். காலையில் வந்தவுடன் சீப்பு அவளை வக்கீல் என்று நினைத்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அப்புறம்தான் தெரிந்தது, அவள் படங்களுக்குச் சட்டம் போடுகிறவள் என்று. கீழே பட்டறை, மேலே குடித்தனம். புருஷனைவிட்டு வந்தபோது இந்தக் கிடங்கில் எலிதான் குடியிருந்தது. அதைத் துரத்திவிட்டுக் குடியேறி, கூடவே வந்த தம்பியையும் வளர்த்து, தொழிலும் கற்றுக்கொடுத்தாள். இதைவிட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

நிதானம்மா சில்லை வெளிச்சத்தில் திருப்பினார். பின்பக்கம் ஓரத்தில் ஒரு நீலக் கோடு, நுனியில் கொஞ்சம் வளைந்திருந்தது.

"யாரைச் சந்தேகப்படறீங்க?"

"வேற யாரை? முதலாளியோட ஆளுங்கதான். கடைசி நேரத்துல உடைக்கறதுக்கு ஒத்திகை பார்க்கறாங்க. அவரே வாராவாரம் வர்றார் மேடம். நேரா மூணாவதுகிட்டப் போய் நிப்பார். உத்து உத்துப் பார்ப்பார். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுப் போயிடுவார்."

"முதல் ரெண்டு?"

"அந்தப் பக்கம் கண்ணே போகாது."

"பாவம், அவருக்கும் முகம் தெரிஞ்சிருக்காது," என்றான் சீப்பு.

நிதானம்மா சிரிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தார். திறந்ததும் சீப்பு மூக்கைப் பிடித்துக்கொண்டான். கால்வாயில் தண்ணீர் பேருக்குத்தான் இருந்தது. கட்டடத்தின் காலடியில் பச்சைப் பாசிக் கோடு ஆள் உயரத்தில் தெரிய, அதற்குக் கீழே முழுக்கக் கறுப்புச் சேறு. இரண்டு பக்கமும் கால்வாயைப் பலகை போட்டு அடைத்திருந்தார்கள். பள்ளத்தில் மோட்டார் ஒன்று ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"தூர் வாரறதா போர்டு வெச்சிருக்கு. தூரையும் காணோம், வாரறவனையும் காணோம். தண்ணி மட்டும் போயிடுச்சு," என்றாள் அக்கா.

"பலகை எப்போ போட்டாங்க அக்கா?" என்று கேட்டார் நிதானம்மா.

"வெயில் ஆரம்பிச்சப்போ. முதலாளிதான் அனுமதி வாங்கிப் போட்டார். ஏதோ நல்லது பண்றாரேன்னு நானே சந்தோஷப்பட்டேன்."

அந்த நேரத்தில் தம்பிக்காரர் உள்ளே வந்தார். அக்காவைவிட உயரம், மூக்கில் கண்ணாடி, ஆனால் அக்கா எதிரில் நிற்கும்போது எப்படியோ குள்ளமாகிவிடுகிற ஆள். யாரையும் பார்க்காமல் பட்டறை மேஜைக்குப் போனார்.

"எங்கடா போன? மதியம் கூட்டம்னு ஞாபகம் இருக்கா? இவனை வெச்சுக்கிட்டு நான் படற பாடு இருக்கே மேடம்! பத்து நாளைக்கு ஒரு தடவை கண்ணாடியை உடைச்சுக்குவான். ஏன்டா லேட்டுன்னு கேட்டா, 'கண்ணாடி உடைஞ்சு போச்சுக்கா, மாத்திட்டு வந்தேன்'னு ஒரே பாட்டு. சரி, நான் மேல போய்த் துணி மாத்திட்டு வர்றேன்."

மரப்படி கிறீச்சிட அக்கா மேலே போனாள். தம்பிக்காரர் முடித்து வைத்திருந்த ஒரு படத்தைத் திருப்பிப் போட்டார். பெரிய புகைப்படம், யாரோ பணக்காரர் கொடுத்தது. நீல மெழுகுப் பென்சிலை எடுத்து, முதுகில் அன்றைய தேதியை எழுதினார். எழுதி முடித்துத்தான் ஓர் ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

சீப்பு பழக்கதோஷத்தில் அந்தப் படத்தின் முன்னாலும் போய்ச் சீப்பை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது.

"அம்மா. இதுலயும் நான் செத்துட்டேன்."

"தெரியும்," என்றார் நிதானம்மா. "இது என்ன கண்ணாடிங்க?"

தம்பிக்காரர் நிமிரவில்லை. "வெளிச்சம் அடிக்காத கண்ணாடி மேடம். விளக்குக்கு எதிர மாட்டினாலும் படம் மட்டும் தெரியும், நம்ம முகம் தெரியாது. விலை ஜாஸ்தி."

"சாதாரணக் கண்ணாடி?"

"தீர்ந்து போச்சு. அடுத்த வாரம்தான் வரும்."

"எல்லாத்துக்கும் பின்னால தேதி போடுவீங்களா?"

"போடணும். யாராவது திருப்பிக் கொண்டுவந்தா எப்போ செஞ்சதுன்னு தெரியணுமே. கைப்பழக்கம். போடலைன்னா வேலை முடிஞ்ச மாதிரியே..."

பாதியில் நின்றுவிட்டார். நிதானம்மா அந்தச் சில்லை மேஜையில் வைத்து, பின்பக்கத்தை மேலே திருப்பியிருந்தார். நீலக் கோடு, நீலப் பென்சிலுக்குப் பக்கத்தில் அச்சு அசலாகப் பொருந்திக் கிடந்தது.

"இது ஒன்பதோட வால்னு நினைக்கறேன்," என்றார்.

தம்பிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு காது நூல் போட்டுக் கட்டியிருந்தது. அந்த நூலும் அழுக்கேறிக் கறுத்துப்போயிருந்தது. சீப்புக்கு அப்போதுதான் சுரீர் என்றது. பத்து நாளைக்கு ஒரு தடவை மாற்றுகிற கண்ணாடிக்கு எவனாவது நூல் கட்டுவானா?

"பொய் சொல்லத் தெரியாதவர், சீப்பு, இவர்," என்றார் நிதானம்மா. "அக்காகிட்ட உண்மையைத்தான் சொல்லியிருக்கார். கண்ணாடி உடைஞ்சு போச்சு, மாத்திட்டேன். எந்தக் கண்ணாடின்னு அக்கா கேக்கலை."

"அப்போ உடைக்கறது முதலாளி ஆளுங்க, ஒட்டறது இவரா?"

"யாரும் உடைக்கலை."

தம்பிக்காரர் கண்ணாடி இல்லாத கண்ணோடு அவரைப் பார்த்தார். "தானா உடையுது மேடம்," என்றார். "வெயில் ஆரம்பிச்சப்போதான் முதல் தடவை உடைஞ்சுது. கண்ணாடி உடைஞ்சா கட்டடம் போச்சு. கட்டடம் போனா அக்கா எங்க போவா? எனக்காகத்தான் அவ வேற வாழ்க்கையே வேண்டாம்னு இருந்தா. அதனால கண்ணாடி உடையக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பொறியாளரம்மா கீறின தேதியை அப்படியே பார்த்துக் கீறி ஒட்டிட்டேன். முன்பக்கம் அவங்க தேதி."

"பின்பக்கம் உங்க தேதி."

"கை தானா எழுதிடுச்சு," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சீப்புக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. இவ்வளவு அசட்டுத்தனமான, இவ்வளவு பாசமான திருட்டை அவன் இந்தத் தொழிலில் பார்த்ததே இல்லை. ஒன்றும் தெரியாத மாதிரி நடையைக் கட்டிவிடலாமா என்றுகூட நினைத்தான். இன்னும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருந்தால் அக்கா ஜெயித்துவிடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

நிதானம்மா மெதுவாகக் கேட்டார். "அக்கா எங்க படுக்கறாங்க?"

"மாடியில."

"மாடியில எங்க?"

தம்பிக்காரர் கண் மூன்றாவது கண்ணாடிக்குப் போய், அங்கிருந்து நேர் மேலே, உத்தரத்துக்குப் போனது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் எல்லாம் இல்லை. யாரோ நகத்தால் சுண்டிய மாதிரி ஒரு சின்ன 'டிக்'.

முகம் காட்டாத கண்ணாடி நடுவில் இரண்டாகியிருந்தது.

அடுத்து நடந்ததைச் சீப்பு பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொன்னான், ஒருத்தரும் நம்பவில்லை. நிதானம்மா ஓடினார். மேஜையைத் தள்ளிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி, "அக்கா! அப்படியே இறங்குங்க! எதையும் எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு ஓடினார். சீப்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவனுடைய இலாகாவையே அம்மா பிடுங்கிக்கொண்டுவிட்டார். ஒரு கையில் அக்காவும் அக்காவின் ஒரு கையில் பாதி மடித்த துணியுமாக அவர் இறங்கி வந்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

தெருவில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள் அக்கா. கேட்டு முடித்ததும் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நானே காசு குடுத்து ஆள் வெச்சு என் தம்பியைப் பிடிச்சிருக்கேன்," என்றாள் நிதானம்மாவிடம். "என்னை மாதிரி புத்திசாலி உண்டா?"

"இதைக் கூட்டத்துல நான் சொல்ல மாட்டேன். என்னைக் கூப்பிட்டவங்க நீங்க. சொல்றதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

"சொன்னா இடிச்சிடுவாங்க."

"சொல்லலைன்னா அதுவே விழும்."

அக்கா கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் நிதானம்மா தம்பிக்காரரிடம். "மழை முழுக்க உடையாத கண்ணாடி, வெயில் வந்ததும் ஏன் உடைஞ்சுது? மாத்தின துண்டுங்கள்ல தேதி இருக்கே, அது பேசும். உடைஞ்சதை எல்லாம் என்ன பண்ணீங்க?"

"கால்வாய்ல போட்டுட்டேன் மேடம். யார் கண்லயும் படக் கூடாதுன்னு."

"போச்சுடா," என்றான் சீப்பு. "கால்வாய்ல போட்டா எப்படி..."

அவனும் பாதியில் நின்றான். நாலு பேரும் சேர்ந்து கால்வாயைப் பார்த்தார்கள். தண்ணீர் போன சேற்றில், மதிய வெயிலில், ஜன்னலுக்கு நேர் கீழே என்னவோ மினுக்கியது. ஒன்றல்ல, நாலைந்து.

"முதலாளி வாழ்க," என்றார் நிதானம்மா. "சீப்பு, இறங்கு."

"நானா? அம்மா, இப்போதான் வகிடு..."

"இறங்கு."

இடுப்பளவு சேறு. போகும்போது ஒரு தடவை விழுந்தான், வரும்போது இரண்டு தடவை. அந்த மூன்றாவது விழுகையில் வகிடு என்கிற சமாசாரமே அவன் தலையில் இல்லாமல் போனது. ஆனால் வெளியே வந்தபோது மடியில் எல்லாத் துண்டுகளும் இருந்தன, சிமெண்டுப் பொட்டோடு. சேற்றைச் சுரண்ட வேறு எதுவும் கிடைக்காமல், பையிலிருந்த சீப்பை எடுத்து நிதானம்மாவிடம் நீட்டினான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய தியாகம் அதுதான்.

மெழுகுப் பென்சில் தண்ணீருக்கு அசையாது. நீலத் தேதிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

திட்டக் குழுவின் கூட்ட அறையில் மின்விசிறி இருந்தது, காற்று இல்லை. நீள மேஜைக்குப் பின்னால் தலைவரும் உறுப்பினர்களும். இந்தப் பக்கம் முதலாளி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில். அந்தப் பக்கம் அக்கா, பக்கத்தில் ஒரு நாற்காலி விட்டு அவள் தம்பி. பின் வரிசையில் சேறு காய்ந்த சீப்பு. அவனைச் சுற்றி யாரும் உட்காரவில்லை.

பொறியாளர் எழுந்தார். மெலிந்த பெண், பேச்சு கறார். "போன வாரம் நான் பார்த்தப்போ மூணு கண்ணாடியும் முழுசா இருந்தது. விரிசல் நகரலை. கட்டடம் நிலையா இருக்கறதாத்தான் எடுத்துக்கணும்."

முதலாளியின் முகம் கடுகடுத்தது. தலைவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படின்னா விஷயம் முடிஞ்சுது. இடிக்கறதுக்கான மனுவை நிராகரிச்சு..."

சீப்பு நாற்காலியின் நுனிக்கு வந்தான். இன்னும் ஒரே ஒரு வார்த்தை. அக்கா ஜெயித்தாயிற்று. தம்பிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், கல்லு மாதிரி. நிதானம்மா வாயைத் திறக்கவில்லை.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க," என்று அக்கா எழுந்தாள். "மூணாவது கண்ணாடி நகராட்சி ஒட்டினது இல்ல. எங்க பட்டறைக் கண்ணாடி."

"அக்காவுக்குத் தெரியாது!" தம்பிக்காரர் துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது. "இன்னிக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாதுங்க. உடைய உடைய நான்தான் மாத்தினேன். என்னை என்ன வேணா பண்ணுங்க."

அறை ஒரே கூச்சலானது. முதலாளி மேஜையைத் தட்டினார். "பார்த்தீங்களா? நான் சொன்னேனே! ஆபத்தான கட்டடம்! ஆளுங்க சாகறதுக்கு முன்னாடி இடிக்க உத்தரவு போடுங்க!"

"ஒரு சந்தேகம் முதலாளி," என்று நிதானம்மா எழுந்தார், நிதானமாக. "நீங்க வாராவாரம் வந்து மூணாவது கண்ணாடியை மட்டும் பார்த்துட்டுப் போனீங்களாமே. முதல் ரெண்டை ஏன் பார்க்கலை?"

"அது... சும்மாதான் பார்த்தேன். என் கட்டடம், நான் எதை வேணா பார்ப்பேன்."

"மூணு விரிசல்ல எது நகரும்னு பொறியாளருக்கே தெரியாதப்போ உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? ஏன் இன்னும் உடையலைன்னு ஏன் மூஞ்சியைச் சுளிச்சீங்க?"

முதலாளி சட்டைக் காலரைச் சரிசெய்தார். அதற்குள் சீப்பு சேற்று வாசனையோடு முன்னால் வந்து, உடைந்த துண்டுகளை வரிசையாக மேஜையில் வைத்துக் கவிழ்த்தான்.

"பொறியாளரம்மா, முதல் துண்டு உங்களோடது," என்றார் நிதானம்மா. "மழைக்காலம் முழுக்கத் தாங்கியிருக்கு. அதுக்குப் பதிலா இவர் ஒட்டினது அடுத்தது. முதுகுல தேதி இருக்கு, படியுங்க. கால்வாய்ல பலகை எப்போ போட்டாங்க?"

பொறியாளர் படித்தார். "பலகை போட்ட அதே வாரம்." அடுத்ததை எடுத்தார், அதற்கடுத்ததை எடுத்தார். "ஒவ்வொண்ணும் முந்தினதைவிடச் சீக்கிரம் உடைஞ்சிருக்கு."

"கடைசித் துண்டு இன்னிக்கு எங்க கண் எதிர உடைஞ்சுது."

"ஐயா," என்று பொறியாளர் தலைவர் பக்கம் திரும்பினார். "கரையில இருக்கற அந்தக் காலத்துக் கட்டடம் எல்லாம் ஈர மண்ணுலதான் நிக்குது. அடியில மரத்தூண் இறக்கியிருப்பாங்க. தண்ணி இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. தண்ணியை உறிஞ்சினா மண் சுருங்கும், அந்த மூலை இறங்கும். மூணாவது விரிசல் இருக்கறது மோட்டார் ஓடற பக்கத்து மூலையில. கட்டடம் கெட்டுப்போகலை. கெடுத்திருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினார். "இது எனக்கு அப்போவே தெரிஞ்சிருக்கும். கண்ணாடி உடைஞ்சிருந்தா."

கடைசி வார்த்தையைத் தம்பிக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவர் அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

"பலகையை எடுத்தா நிக்குமா?" என்றாள் அக்கா.

"வாய்ப்பு இருக்கு. உறுதி சொல்ல மாட்டேன். அப்போவே எடுத்திருந்தா உறுதியாச் சொல்லியிருப்பேன்."

தலைவர் உறுப்பினர்களோடு தலையைச் சேர்த்துப் பேசினார். பிறகு படபடவென்று சொல்லிக்கொண்டே போனார். இடிக்க அனுமதி இல்லை. மோட்டாரை இப்போதே நிறுத்த வேண்டும், பலகையை இன்றே எடுக்க வேண்டும், முதலாளியின் மேல் விசாரணை. மூலைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அடுத்த கூட்டம் வரை புதுக் கண்ணாடி உடையாமல் இருந்தால் பார்க்கலாம். அதுவரை கட்டடத்துக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. நகராட்சியின் அடையாளத்தைப் போலியாகச் செய்ததற்குத் தம்பிக்காரர் மேல் புகார் போகும். நாளைக் காலை அவர் காவல் நிலையத்துக்கு வர வேண்டும்.

ஜெயித்தார்களா, தோற்றார்களா என்று சீப்புக்குக் கடைசிவரை புரியவில்லை. கைதட்டலாம் என்று தூக்கிய கையை அப்படியே கீழே போட்டான்.

சாயங்காலம் பலகையை உருவினார்கள். தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு திமுதிமுவென்று உள்ளே வந்தது. சேற்றில் சீப்பு விழுந்த மூன்று பள்ளங்களும் ஒவ்வொன்றாக மூழ்கின. தெருவில் ஒரு தள்ளுவண்டியில் அக்காவின் பாத்திரமும் துணியும், மரம் அறுக்கிற ரம்பமும். தெரிந்தவர் வீட்டில் ஒரு அறை கிடைத்திருந்தது. எத்தனை நாளைக்கு என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கூட்டத்திலிருந்து வந்ததிலிருந்து தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

மூலையில் முட்டுக் கட்டைகளை நிறுத்திவிட்டு, பொறியாளர் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஒட்டறது நான்தான் ஒட்டுவேன். ஆனா அவசரத்துல கண்ணாடி கொண்டு வரலை."

தம்பிக்காரர் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வர அவருக்குத் தைரியம் இல்லை. அக்கா வண்டியிலிருந்து கண்ணாடி அறுக்கிற வைர ஊசியை எடுத்தாள். மாட்டியிருந்த ஒரு பழைய படத்தைக் கழற்றி, அதன் கண்ணாடியை உருவினாள். முகம் தெரிகிற சாதாரணக் கண்ணாடி. இரண்டையும் தம்பியின் கையில் வைத்தாள்.

அவர் அளந்து, கோடு போட்டு, ஒரே இழுப்பில் அறுத்தார். கோடு நேராகத்தான் வந்தது. பழக்கம் போகுமா? துண்டைத் திருப்பினார், நீலப் பென்சிலை எடுத்தார், முதுகில் வைத்தார். வைத்த இடத்திலேயே பென்சில் நின்றுவிட்டது. எழுதுவதா, கூடாதா என்று தெரியாமல் அக்காவைப் பார்த்தார்.

நிதானம்மா சீப்பின் தோளைத் தொட்டார். போகலாம் என்று அர்த்தம். அவன் நகரவில்லை.

அக்கா தம்பியின் கையிலிருந்த துண்டை வாங்கி, திருப்பி, மறுபடி அவர் கையிலேயே வைத்தாள்.

"முன்பக்கம் எழுதுடா," என்றாள்.